மூடி திறந்திருக்கும் பத்து நிமிடம்

திண்டுக்கல்காரர்களிடம் பேசிப் பாருங்கள். பூட்டைப் பற்றிக் கேட்டால் பெருமையாகப் பேசுவார்கள். பிரியாணியைப் பற்றிக் கேட்டால், எந்தக் கடை ஒசத்தி என்று சண்டைக்கே வருவார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு ஒரு நிமிடம் நிற்கும். அப்புறம், "உங்க ஏரியாவுல எத்தனை நாளைக்கு ஒருக்கா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

ஊரின் அமைப்பு அப்படி. ஒரு பக்கம் சிறுமலை. இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை. நடுவில் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது ஊர். மேகம் இரண்டு மலையிலும் இறங்கிக் காபி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குள் வரும்போது ஏப்பம் மட்டும் விட்டுவிட்டுப் போகும். ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து கொஞ்சம், வைகைக் கரையில் உள்ள பேரணையிலிருந்து கொஞ்சம், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து கொஞ்சம் என்று மூன்று திசையிலிருந்து வாங்கித்தான் இந்த ஊர் தாகம் தீர்க்கிறது. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். தோல் ஷாப்புகள் இருந்த பக்கமெல்லாம் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளே நிறைய வந்திருக்கின்றன.

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன நீர்த்தேக்கம் உண்டு. வாசலில் சம்ப். மொட்டை மாடியில் கறுப்பு சின்டெக்ஸ். பாத்ரூமில் தொட்டி. கொல்லையில் டிரம். சமையலறையில் வரிசையாகக் குடங்கள். 'நல்ல தண்ணி' தனி, 'உப்புத் தண்ணி' தனி. அணை கட்டிய இன்ஜினீயருக்குத் தெரியாத நீர் மேலாண்மை நாகல் நகரில் நாலு பிள்ளை பெற்ற அம்மாவுக்குத் தெரியும்.

ஆனால், இந்த வாரம் நான் பேசப்போவது தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி அல்ல. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது தண்ணீர் வந்து சேருகிற அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி. லாரி வந்து நிற்கிறது, சம்ப் மூடியைத் திறக்கிறோம், ஹோஸைப் போடுகிறோம், நிரப்புகிறோம், மூடுகிறோம். இவ்வளவுதானே? இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா?

நிறைய இருக்கிறது.

*

ரவுண்ட் ரோடு பக்கம் என் பெரியம்மா வீடு. தண்ணீர் லாரிக்காரர்கள் மத்தியில் அவர் ரொம்பப் பிரபலம். நல்ல பெயரா, கெட்ட பெயரா என்று கேட்காதீர்கள்.

லாரி வந்து நின்றதும் க்ளீனர் பையன் ஹோஸைத் தோளில் போட்டுத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவான். ஹோஸின் வாய் ரோட்டில் உரசி, சாக்கடை ஓரத்தில் புரண்டு, தெருநாய் முகர்ந்து பார்த்து அனுப்பிவைக்க, நேராக சம்ப்புக்குள் இறங்கப் பார்க்கும். அங்கேதான் பெரியம்மா குறுக்கே நிற்பார்.

"ஏப்பா... நில்லு நில்லு. அந்த வாயைக் கழுவு மொதல்ல."

"கழுவிட்டுத்தான் பெரியம்மா வந்தேன்."

"எங்கிட்டுக் கழுவின? இந்தா, தண்ணி நான் ஊத்துறேன், நீ தேய்."

வாய் கழுவிய பிறகு, முதல் இரண்டு பக்கெட் தண்ணீர் வாழை மரத்துக்கு. மூன்றாவதில் ஒரு வெள்ளை மக்கால் மொண்டு வெளிச்சத்தில் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். "எந்தக் கெணத்துத் தண்ணி?" என்று டிரைவரிடம் விசாரணை. பதில் திருப்தியாக இருந்தால்தான் சம்ப் மூடி திறக்கும். திறந்ததும் ஒரு முக்காலியை இழுத்து, குழிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிடுவார். போன் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். குக்கர் விசில் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். கடைசிச் சொட்டு விழுந்து, மூடி உட்கார்ந்து, அதன் மேல் காலால் ஒரு மிதி மிதித்த பிறகுதான் எழுவார்.

"இந்த ஒரு வீட்டுக்கு வந்தா மட்டும் கால் மணி நேரம் கூட ஆகுதும்மா" என்று டிரைவர் அலுத்துக்கொள்வார். பெரியம்மா ஒரு சொம்பு மோரைக் கொடுத்து அந்தக் கால் மணி நேரத்தை நேர் செய்துவிடுவார்.

சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பின்னால் தண்ணீரைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் ஒரு விஷயம் புரிந்தது. தண்ணீர் எங்கே கெடுகிறது? ஆற்றில் கெடுகிறது, கிணற்றில் கெடுகிறது, சரி. ஆனால், நல்லபடியாக வந்த தண்ணீர் பெரும்பாலும் கெடுவது கை மாறுகிற இடத்தில்தான். ஆபத்தும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நிரப்புகிற நேரத்தில், மூடி திறந்திருக்கும்போது.

*

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 'நரம்புச் சிலந்தி' என்று ஒரு நோய். உங்கள் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும். கால் கொப்புளத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புழு வெளியே வரும். சில சமயம் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் மெதுவாக இழுப்பார்கள்.

இந்தப் புழு எப்படிப் பரவியது தெரியுமா? தண்ணீர் மொள்ளும் பழக்கத்தால். படிக்கட்டுக் கிணற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடம் நிரப்புவார்கள். கொப்புளம் எரிகிற கால் தண்ணீரில் பட்டதும் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதைத் தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி விழுங்கும். அந்தப் பூச்சியோடு தண்ணீரை நாம் குடிப்போம். ஒரு வருடம் கழித்து நம் காலில் கொப்புளம்.

தடுப்பூசி கிடையாது. குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. இருந்தும் இந்தியா அதை ஒழித்துவிட்டது. கடைசி நோயாளி 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. எப்படி? படிக்கிணறுகளை இறங்க முடியாத கிணறுகளாக மாற்றினார்கள், கைபம்ப் போட்டார்கள், தண்ணீரில் காலை வைக்காதே என்றார்கள், துணியில் வடிகட்டிக் குடி என்றார்கள். அவ்வளவுதான். மொள்ளும் முறையை மாற்றியதில் ஒரு நோயே நாட்டை விட்டு ஓடியது!

துணி என்றதும் இன்னொரு கதை. ரீட்டா கோல்வெல் என்கிற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் குழுவும் பங்களாதேஷ் கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி செய்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய காட்டன் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. அந்தக் கிராமங்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி தண்ணீரில் உள்ள நுண்ணிய பூச்சிகளில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். பூச்சி துணியில் மாட்டிக்கொண்டால் கிருமியும் மாட்டும். இதில் ரசமான விஷயம் என்னவென்றால், புதுச் சேலையைவிடப் பழைய சேலைதான் நன்றாக வடிகட்டுகிறது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறி, ஓட்டைகள் சின்னதாகி விடுகின்றன.

பக்கத்தில் சின்னாளபட்டியில் நெய்கிற சுங்குடிச் சேலை, கட்டிக் கிழிந்த பிறகும் நம் பாட்டிகளின் குடத்து வாயில் வேலை பார்த்தது சும்மா இல்லை! ஆனால், துணி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. தனியாகத் திரிகிற கிருமிகள் உள்ளே போய்விடும். உப்பும் ஃப்ளோரைடும் போய்விடும். துணி முதல் காவல்காரன். ஒரே காவல்காரன் அல்ல.

*

இப்போது ஒரு கசப்பான விஷயத்துக்கு வருவோம்.

கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு நூல் மாதிரி வருகிறது. எதிர் வீட்டில் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். உடனே பக்கத்து வீட்டிலும் மோட்டார். அப்புறம் தெரு முழுக்க மோட்டார். அடுத்தவன் பங்கைத் திருடுவது தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது உங்கள் மனசாட்சிக்கும் கார்ப்பரேஷனுக்கும் உள்ள விவகாரம். நான் சொல்வது வேறு.

தெருவுக்கு அடியில் ஓடுகிற குழாய் பழசு. அங்கங்கே இணைப்புகளில் கசிவு இருக்கும். பக்கத்திலேயே சாக்கடை. குழாயில் தண்ணீர் அழுத்தமாக ஓடும்போது, ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். சாக்கடை உள்ளே வராது. நீங்கள் மோட்டார் போட்டு உறிஞ்சினால்? குழாய்க்குள் அழுத்தம் சரியும். வெளியே கசிந்துகொண்டிருந்த ஓட்டை உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறீர்கள், ஸ்ட்ராவில் நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் காற்று வருகிறது அல்லவா? அந்த மாதிரி. இங்கே வருவது காற்று அல்ல. தெருவில் யார் வீட்டு மோட்டார் இழுத்ததோ, அந்த வீட்டுக்கே முதல் பங்கு.

பல நாட்களுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிற ஊர்களில் மோட்டாரே இல்லாவிட்டாலும் இந்தச் சிக்கல் உண்டு. தண்ணீர் வராத நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும். அப்போது கசிந்து உள்ளே வந்தது, தண்ணீர் விட்டதும் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால்தான் முதலில் வருகிற தண்ணீரைச் செடிக்கோ, வாசல் கழுவவோ விடச் சொல்கிறார்கள். 'வர்றதே கொஞ்சம், அதையும் கீழ ஊத்தணுமா?' என்று மனசு கேட்காது. நாலு பக்கெட்டா, நாலு நாள் ஆஸ்பத்திரியா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் ஏழை நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1933-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் உலகக் கண்காட்சி. கூட்டம் அலைமோதியது. பெரிய ஹோட்டல்களில் தங்கி, கண்காட்சி பார்த்து, சந்தோஷமாக ஊர் திரும்பினார்கள். சில வாரங்கள் கழித்து நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அமீபா வயிற்றுக்கடுப்பு! சுமார் 1,400 பேருக்கு நோய். 98 பேர் இறந்தார்கள். துப்பறிந்து பார்த்தால், எல்லோரும் தங்கியது அருகருகே இருந்த இரண்டு ஹோட்டல்கள். பழைய குழாய்கள், தப்பான இணைப்புகள். கழிவு நீர் குடிநீரோடு கலந்திருந்தது. பளபளப்பான ஹோட்டல், பளிங்குத் தரை எல்லாம் சரி, சுவருக்குள் குழாய் எந்தக் குழாயோடு கை கோத்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இணைப்பு இருக்கலாம். 'நல்ல தண்ணி' டேங்குக்கும் 'உப்புத் தண்ணி' டேங்குக்கும் நடுவில் ஒரு வால்வ். என்றைக்கோ அவசரத்துக்கு பிளம்பர் போட்டுக் கொடுத்தது. அந்த வால்வ் தேய்ந்து போனால் இரண்டும் கலக்கும். சமையலுக்கு வருகிற தண்ணீர் திடீரென்று கரித்தால் பருப்பைத் திட்டாதீர்கள். வால்வைப் பாருங்கள்.

இன்னொன்று. லாரி டேங்கிலிருந்து டியூப் போட்டு டீசல் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாயால் ஒரு இழு. அப்புறம் தானாகக் கொட்டும். உங்கள் வீட்டு ஹோஸும் அந்த வேலையைச் செய்யும். ஹோஸின் நுனி பக்கெட்டிலோ தொட்டியிலோ மூழ்கிக் கிடக்கும்போது, குழாயில் அழுத்தம் போனால், பக்கெட்டில் இருப்பது குழாய்க்குள் திரும்பிப் போகும். பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் இருந்தால் சோப்புத் தண்ணீர். மாடு குடித்த தொட்டி என்றால் அந்தத் தண்ணீர். இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஹோஸின் நுனி தண்ணீர் மட்டத்தைத் தொடாமல் மேலேயே தொங்க வேண்டும். ஒரு அங்குலக் குழாய் என்றால் இரண்டு அங்குல இடைவெளி. நடுவில் உள்ள அந்தக் காற்றுதான் பூட்டு.

*

வெளிநாடுகளில் வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஊர் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கிற கேரவன் மாதிரிதான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ், தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளேயே. போகிற ஊரில் குழாய் கிடைத்தால் டேங்கை நிரப்பிக்கொள்வார்கள். அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. குடிநீர் பிடிக்கிற ஹோஸ் தனி. கழிவுத் தொட்டியைக் கழுவுகிற ஹோஸ் தனி, வேறு நிறம். ஒன்றின் வேலைக்கு இன்னொன்றை எடுக்கவே கூடாது. இரண்டையும் ஒரே இடத்தில் சுருட்டி வைக்கவும் கூடாது.

நம்மிடமும் ஓடும் வீடுகள் உண்டு. தைப்பூச சமயத்தில் திண்டுக்கல் ரோட்டில் வந்து நின்று பாருங்கள். பழனி இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பாதயாத்திரைக் கூட்டம் ஒட்டன்சத்திரம் வழியாக நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் ஒரு மினி லாரி. அதில் அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, அப்புறம் இரண்டு நீல டிரம்மில் தண்ணீர். அந்த டிரம் காலியானால் வழியில் எங்கே பம்புசெட் ஓடுகிறதோ அங்கே நிரப்பல். பக்தி சரி. அந்த டிரம் போன ஜென்மத்தில் என்னவாக இருந்தது என்று யாராவது கேட்கிறோமா? பழைய சாமான் கடையில் வாங்கிய டிரம்மில் ஆசிட் இருந்திருக்கலாம். சாயம் இருந்திருக்கலாம். பூச்சிமருந்து இருந்திருக்கலாம். பிளாஸ்டிக் அதைக் குடித்து வைத்திருக்கும். எத்தனை கழுவினாலும் மெதுவாகக் கக்கும். குடிக்கிற தண்ணீருக்குப் புது டிரம்தான். அதன் மேல் பெயின்ட்டில் பெரிதாக 'குடிநீர்' என்று எழுதி வையுங்கள். அதில் வேறு எதையும் ஊற்றவும் யாருக்கும் மனசு வராது.

எங்கே பிடித்த தண்ணீர் என்று சந்தேகமாக இருந்தால் ப்ளீச்சிங் பவுடர் இருக்கவே இருக்கிறது. 1,000 லிட்டருக்கு 4 கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவுடரை அப்படியே தூவக் கூடாது. ஒரு பக்கெட் தண்ணீரில் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும், மேலே தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பாக்கெட்டைப் பிரித்து மாதக்கணக்கில் ஜன்னலில் வைத்த பவுடருக்கு வீரியம் இருக்காது. முக்கியமான இன்னொன்று, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்புவது க்ளோரின் வாயு. முதல் உலகப் போரில் எதிரிகள் மேல் விட்டது அதைத்தான்.

மூடியைச் சரியாகப் போடாவிட்டால் கொசு குடிவந்துவிடும். டெங்கு கொசு நாகரிகமானது. சாக்கடைக்குப் போகாது, உங்கள் நல்ல தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டி வைத்துவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீங்கள் அடுத்த லாரியை வாங்கி நிரப்புகிற அன்று பொரிக்கும். அதனால் டிரம்மையும் தொட்டியையும் வாரத்துக்கு ஒரு நாள் காலி செய்தால் போதாது. உள்சுவரைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

*

கடைசியாகச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சம்ப்பைக் கழுவ வேண்டும் என்று ஒருவர் உள்ளே இறங்குகிறார். அல்லது புது வீட்டு சம்ப்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க மேஸ்திரி ஒரு ஆளை இறக்குகிறார். இறங்கியவரிடமிருந்து சத்தமே இல்லை. 'என்னாச்சு?' என்று இரண்டாவது ஆள் இறங்குகிறார். அவரிடமும் சத்தம் இல்லை. மூன்றாவதாக வீட்டுக்காரர். மறுநாள் பேப்பரில் செய்தி வருகிறது. தமிழ்நாட்டில் வருடம் தவறாமல் இப்படிச் செய்தி படிக்கிறோம். ஊர் பெயர் மட்டும் மாறுகிறது.

என்ன நடக்கிறது? காற்றில் ஏறத்தாழ 21 சதவிகிதம் ஆக்ஸிஜன். மூடியே கிடக்கிற குழியில் ஈரப்பலகை மக்குகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, அடியில் சேறு அழுகுகிறது. எல்லாமே ஆக்ஸிஜனைத் தின்கிற வேலைகள். அது பாதியாகக் குறைந்துவிட்டால் மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் ஆள் சாய்ந்துவிடுவார். நாற்றம் வராது, எச்சரிக்கை வராது. உள்ளே டீசல் பம்ப்பை இறக்கி ஓட்டினால் விஷப் புகையும் சேர்ந்துகொள்ளும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் உண்டு. எரிகிறதே என்று நம்பி இறங்க வேண்டாம். விஷ வாயு இருந்தாலும் விளக்கு எரியும்.

அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனம் 1986-ல் ஒரு கணக்குச் சொன்னது. இம்மாதிரிக் குழிகளில் இறந்தவர்களில் 60 சதவிகிதத்துக்கும் மேல், காப்பாற்றப் போனவர்கள். பாசத்தில் குதித்தவர்கள்!

அதனால் இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். சம்ப்புக்குள் யாரும் இறங்க வேண்டாம். நீளக் கம்பில் பிரஷ் கட்டி வெளியிலிருந்தே தேய்க்கலாம். இறங்கியே தீர வேண்டிய வேலை என்றால், காற்றைச் சோதிக்கும் கருவியும், உள்ளே காற்றடிக்க ப்ளோயரும், இடுப்பில் கயிறும், மேலே கயிற்றைப் பிடிக்க ஆட்களும் வைத்திருப்பவர்களை மட்டும் கூப்பிடுங்கள். உள்ளே விழுந்தவரைப் பார்த்தால் குதிக்காதீர்கள். 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். நின்று வேடிக்கை பார்ப்பது மாதிரி இருக்கும், பரவாயில்லை. அழ ஒரு குடும்பத்துக்கு ஒரு சாவு போதும்.

தண்ணீருக்குள் கிடக்கிற மோட்டாரும் இதே ரகம்தான். ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கையை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், அல்லது மெயினை ஆஃப் செய்யுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப்பர் ஒன்றைப் போட்டு வையுங்கள். ஒரு லாரித் தண்ணீர் விலையைப் பார்ப்பதற்குள் அதன் செலவு மறந்துவிடும்.

பெரியம்மா ஏன் முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில், பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று அந்தப் பெண் திரும்பிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். இரண்டே நிமிடம். இரண்டரை வயதுப் பையன்.

"புள்ள விழுந்தா சத்தம் கேக்கும்னு நெனைக்கிறோம்ல? கேக்காதுப்பா. லாரித் தண்ணி விழுகுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹோஸைக் கழுவ மறந்தால் வயிற்றுப்போக்கு. வால்வை மறந்தால் உப்புச் சாம்பார். இதற்கெல்லாம் மருந்து உண்டு, மறுநாள் உண்டு. மூடியை மறந்தால் மறுநாள் கிடையாது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பீரோவுக்கும், கோயில் உண்டியலுக்கும், மில் கேட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டு செய்து கொடுத்த ஊர் இது. நகையைப் பூட்டி வைக்கிறோம், பத்திரத்தைப் பூட்டி வைக்கிறோம், பைக்கைக்கூட இரண்டு பூட்டுப் போட்டு நிறுத்துகிறோம். உங்கள் வாசலில் இருக்கிற சம்ப் மூடியில் ஒரு வளையம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் கடையில் சொல்லி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். சின்னதாக ஒரு பூட்டு போதும். சாவி பெரியவர்கள் இடுப்பில் இருக்கட்டும்.

அந்த வீட்டில் அதைவிட விலை அதிகமான பொருளை எந்தப் பூட்டும் காத்ததில்லை.